இரண்டாவது டம்ளர்

ஏப்ரல் 4, செவ்வாய்

சிவகாமி ஓசூரிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறாள். பிரித்தால் ஒரு வாட்டர் கலர் பெட்டி, மூன்று பிரஷ், அப்பளம் கனத்துக்கு வெள்ளைத் தாள்கள். "சும்மா உக்காந்திருந்தா தாகம்தான் ஞாபகம் வரும்ப்பா. கைக்கு ஒரு வேலை வேணும்" என்று போனில் சொன்னாள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக ஆயுசு பூராவும் விசில் ஊதியவனுக்கு, சிறுநீரகம் இரண்டும் கையை விரித்த பிறகு, மகள் பார்த்துக் கொடுத்திருக்கும் உத்தியோகம் இது.

இன்று டயாலிசிஸ் நாள். பக்கத்துக் கட்டிலில் எஸ்தர் டீச்சர். கான்வென்டில் டிராயிங் டீச்சராக இருந்தவர். எனக்கு முன்பிருந்தே இந்த மெஷினில் கிடக்கிறார். பெட்டியைப் பற்றிச் சொன்னதும் ஊசி குத்தியிருக்கும் கையை மறந்து எழுந்திருக்கப் பார்த்தார். சிஸ்டர் ஓடி வந்து படுக்க வைத்தாள்.

"மொதல்ல ஒண்ணு கேட்டுக்கிடுங்க சார். பக்கத்துல ரெண்டு டம்ளர் தண்ணி வச்சுக்கிடணும். ஒண்ணு பிரஷ் கழுவ. இன்னொண்ணு சுத்தத் தண்ணி, கலர் கரைக்க. ஒண்ணுலயே ரெண்டையும் செஞ்சா எல்லாக் கலரும் சாக்கடையாப் போயிரும்."

சரி என்றேன். தண்ணீர் குடிக்க விதியில்லாத இரண்டு பேர், டம்ளர் டம்ளராகத் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 5, புதன்

என் வீட்டுக்காரி வடிவின் ஏற்பாட்டை எழுதி வைக்கிறேன். காலையில் ஒரு எவர்சில்வர் சொம்பில் கழுத்துக் கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி வைப்பாள். டாக்டர் சொன்ன அளவு, அன்றைக்கு என் மொத்தப் பங்கு அதுதான். காப்பி கொடுத்தால் அந்த அளவுக்குச் சொம்பிலிருந்து எடுத்துக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். ரசம் ஊற்றினால் அதற்கும் அப்படியே. மிச்சம் இருப்பதுதான் எனக்குக் குடிக்க. கறிவேப்பிலை காடாக வளர்ந்திருக்கிறது. நான் குடித்ததற்கெல்லாம் அதுதான் சாட்சி.

படம் வரையும் தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. அதைக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம் என்று வடிவே சொல்லிவிட்டாள். கலர் கரைக்கத் தட்டு கேட்டேன். குழி நெளிந்த பழைய இட்லித் தட்டைக் கொடுத்தாள். நல்ல வசதி, குழிக்கு ஒரு கலர்.

டீச்சர் சொன்னபடி தாளைப் பலகையில் டேப் போட்டு ஒட்டினேன். பட்டை பிரஷால் தாளை நனைத்துவிட்டு நீலம் தொட்டு வைத்தால் அது தானாக ஓடிப் பரவுகிறது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, தாளுக்கு என்ன தாகம்! நொடியில் உறிஞ்சிவிட்டது.

ஏப்ரல் 8, சனி

டாக்டர் வடிவையும் உள்ளே கூப்பிட்டார். அவளுடைய பரிசோதனை முடிவு எல்லாம் வந்துவிட்டதாம். அவள் சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது. இவள் முகத்தில், லாட்டரி விழுந்தவள் மாதிரி ஒரு வெளிச்சம்.

"ஆனா ஒரு விஷயம். மே மாசம் முடியுற வரைக்கும் உங்க எடையப் பாப்பேன். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு தண்ணி ஏறுதுன்னு அதுல தெரிஞ்சிரும். கட்டுப்பாடா இருந்தீங்கன்னா ஜூன்ல தேதி. இல்லேன்னா யோசிக்க வேண்டியதுதான். இவங்க குடுக்குறத வீணாக்க எனக்கு மனசு வராது" என்றார்.

"அதெல்லாம் இருப்பாவ டாக்டர். நான் பாத்துக்கிடுதேன்" என்று எனக்கு முந்தி வடிவு பதில் சொன்னாள்.

அவள் வயிற்றில் ஏற்கெனவே சிவகாமி பிறந்தபோது போட்ட தையல் இருக்கிறது. இன்னொன்றுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. பிழைக்கவும் ஆசையாக இருக்கிறது. இரண்டையும் யாரிடம் சொல்ல.

ஏப்ரல் 10, திங்கள்

வெயில் என்றால் வெயில். சனிக்கு அடுத்த டயாலிசிஸ் செவ்வாய் என்பதால் ஞாயிறும் திங்களும் எனக்கு ஆகாத நாட்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

மதியம் வடிவு படுத்த பிறகு வரைய உட்கார்ந்தேன். ஒரு எலுமிச்சம்பழம். முடிந்ததும் இரண்டு டம்ளரையும் நானே கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பாவம், அவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும்.

ஏப்ரல் 11, செவ்வாய்

எடை கொஞ்சம் கூடுதல். அந்த ஆஸ்பத்திரி மெஷினைச் சரிபார்த்து எத்தனை காலமாயிற்றோ.

ஏப்ரல் 15, சனி

எலுமிச்சம்பழத்தை எஸ்தர் டீச்சருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார்.

"பழம் சரியா வந்திருக்கு. நிழலு கூட பரவால்ல. மஞ்சள் ஏன் சார் பாசி புடிச்ச மாதிரி இருக்கு?"

"வெயில்ல அழுகியிருக்கும்" என்றேன்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாத்தியார் குரல் வந்துவிட்டது. வாட்டர் கலரில் வெள்ளை என்று ஒரு கலர் கிடையாது, வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். முதலில் வெளிர், அது காய்ந்த பிறகு அழுத்தம். காயாத இடத்தில் கை வைத்தால் பூசணம் பூத்த மாதிரி கறை விழும். தப்பாக வைத்துவிட்டால் ஈரம் இருக்கும்போதே துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

"முக்கியமா மஞ்சளுக்கு எப்பவும் சுத்தத் தண்ணி. அதுல கொஞ்சம் அழுக்கு கலந்தாலும் காட்டிக் குடுத்துரும்."

சரி, சரி என்று தலையாட்டினேன். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இவ்வளவு பேச்சு.

ஏப்ரல் 19, புதன்

இப்போதெல்லாம் சொம்பு சீக்கிரம் காலியாகிவிடுகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் வரை வரும். இப்போது மூன்று மணிக்கே அடி தட்டுகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகும் என்று படித்திருக்கிறேன். மூடி போட்ட சொம்பிலுமா என்று தெரியவில்லை.

வடிவு என் கண்ணில் படும்படி தண்ணீர் குடிப்பதே இல்லை. நான் படுத்த நாளிலிருந்து அப்படித்தான். கொல்லைக் குழாயடிக்குப் போய், டம்ளர் சத்தம் கூடக் கேட்கக் கூடாது என்று கையைக் குவித்துக் குடிக்கிறாள். ஆனால் எனக்குக் கேட்கும். தெருவில் இளநீர் வெட்டினாலே எனக்குக் கேட்கும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

வெயில். படம் வரைந்தேன்.

ஏப்ரல் 24, திங்கள்

வெயில். இரண்டு படம் வரைந்தேன்.

ஏப்ரல் 26, புதன்

டீச்சர் ஒரு வித்தை சொல்லியிருந்தார். ஈரமான கலரின் மேல் கல் உப்பைத் தூவினால் ஒவ்வொரு உப்பும் கலரை இழுத்து நட்சத்திரம் போலப் புள்ளி விழுமாம்.

உப்பு கேட்டதும் வடிவு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த வீட்டில் உப்பு டப்பா பீரோவில் அவளுடைய சேலை மடிப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு வருஷமாயிற்று.

"தாளுக்குத்தான?"

"பின்ன, எனக்கா?"

எண்ணி ஒரு சிட்டிகை கொண்டுவந்தாள். எனக்கு மறுத்ததைத் தாளுக்குக் கொடுத்தாள். உண்மையிலேயே அழகாக வந்தது, நீல வானம் நிறைய நட்சத்திரம். காய்ந்ததும் உப்பை விரலால் தட்டி எடுத்தேன். விரலைக் கழுவ வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு தாகம் தாங்கவில்லை. சாயங்காலம் இன்னொரு படம்.

ஏப்ரல் 29, சனி

இன்று மெஷின் என்னிடமிருந்து நிறையத் தண்ணீரை இழுத்தது. கடைசி ஒரு மணி நேரம் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டது. கத்திவிட்டேன். வடிவு காலைப் பிடித்து நீவினாள்.

அவள் மருந்து வாங்கப் போனதும் எஸ்தர் டீச்சர் என் படக் கட்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். வாழைப்பழம், வானம், பக்கத்து வீட்டுச் சுவர். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆவுடையப்பன் சார், ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் படமெல்லாம் ஒரே டம்ளர்ல போட்டது. கழுவுன தண்ணியிலதான் கலரும் கரைச்சிருக்கீங்க. நான் எத்தனையோ பிள்ளைய படத்தப் பாத்தவ. சுத்தத் தண்ணி எங்க சார் போகுது?"

"கை தட்டிக் கொட்டிரும்."

"தெனமுமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நான் கோயில் தோட்டத்துல செடிக்கு ஊத்துதேன்னு சொல்லிட்டு, ஹோஸ் பைப்புல வாய வச்சு மாட்டுனவ சார். ஐ.சி.யு. வரைக்கும் போயிட்டு வந்தேன். எனக்குச் சிறுநீரகம் தர யாருமில்ல. ஒங்களுக்கு வீட்டுலயே இருக்கு."

வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கே சந்தேகப் புத்தி.

மே 4, வியாழன்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது.

டாக்டர் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை விட்டுவிட்டு வடிவிடம் கோபப்பட்டார். "நீங்க அளந்துதான் குடுக்கீங்களா? இப்பிடியே போனா ஜூன் கெடையாதும்மா." வடிவு தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே இன்னும் பாத்துக்கிடுதேன்" என்றாள். என் மேல் ஒரு பார்வை கூட விழவில்லை.

திரும்ப ஆட்டோ பிடித்தோம். முருகன்குறிச்சி சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒருவன் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தான். வடிவு தன் முந்தானையை இழுத்து வெயிலுக்கு மறைப்பது போல என் பக்கம் பிடித்தாள். வெயில் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

படம் வரைவதை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

மே 6, சனி

விடவில்லை.

மே 7, ஞாயிறு

சொம்பு மத்தியானத்துக்கு முன்பே காலி. சத்தியமாக நான் அதிகம் குடிக்கவில்லை. சாப்பாட்டில் ஒரு கரண்டி ரசம், காலையில் அரை டம்ளர் காப்பி. அதற்குள் அடி தட்டினால் மனுஷன் எங்கே போவான்?

தாளை ஒட்டினேன். தண்ணீர் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பிடித்தேன். என்ன வரைவது என்று தோன்றவில்லை. தாள் காய்ந்தபடியே இருந்தது.

மே 11, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தேன். பேனா பிடிக்கத் தெம்பில்லை. எழுத்து கோணலாக இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன், சரியாகவில்லை. படுத்தால் இன்னும் மோசம். நெஞ்சுக்குள் யாரோ வாளியைச் சாய்த்த மாதிரி களகளவென்று சத்தம். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. தாகத்துக்குப் பயந்தவன் கரையில் உட்கார்ந்தபடியே மூழ்கிக்கொண்டிருந்தேன். வடிவு என்னைத் தோளில் சாய்த்தபடியே ஆட்டோ பிடித்தாள். ஆக்சிஜன் வைத்து, மெஷினில் போட்டு, எனக்கு நினைவு தெளிய மத்தியானம் ஆயிற்று.

கண் திறந்தபோது டாக்டர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஜூன் மறந்துருங்கம்மா. இன்னும் மூணு மாசம் பாப்போம். அதுலயும் இப்பிடித்தான்னா எனக்கு வேற வழியில்ல." வடிவு கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மே 12, வெள்ளி

இன்று பேசிவிட்டோம். மறந்து போகும் முன் எழுதுகிறேன். மறக்கக் கூடிய விஷயமில்லை, இருந்தாலும்.

காலையில் காப்பிக்குக் காத்திருந்தேன். வடிவு சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். கழுத்துக் கோடு வரை தண்ணீர். பார்த்து நாளாகியிருந்தது.

"இது முழுசு. இத்தன நாளு முழுசாத் தரல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சித்திரை மாசம் பொறந்ததுல இருந்து குறைச்சுத்தான் ஊத்துனேன். நீங்க படம் போடுதேன்னு அங்கன குடிக்கத, நான் இங்கன கழிச்சிட்டேன். ரெண்டையும் சேத்தா டாக்டர் சொன்ன அளவுல நிக்கும்னு நெனச்சேன்."

தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே. நான் கழுவிக் கவிழ்த்த இரண்டாவது டம்ளரில் ஒரு நாள் கூடக் கலர்க் கறை இல்லையாம். ஒரு டம்ளர் விளிம்பு நீலமும் பச்சையுமாக இருக்கும், மற்றது கோயில் பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கும். பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இது தெரியாதா?

எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். அப்படியே எழுதுகிறேன். "யாருட்டி ஒனக்குச் சொம்பக் குறைக்கச் சொன்னா? நான் செத்துப் போற மாதிரி தாகத்துல கெடந்தேன். நீ குறைச்சதாலதான் நான் அங்க..." என்று கத்தியவன் பாதியில் நின்றுவிட்டேன்.

"நீங்க அங்க குடிச்சதாலதான் நான்..." என்று அவளும் ஆரம்பித்து நிறுத்தினாள்.

இரண்டு பேரும் சொம்பைப் பார்த்தோம். நான் அங்கே குடிக்க, அவள் இங்கே குறைக்க, அவள் குறைத்ததால் எனக்குத் தாகம் கூட, கூடியதால் நான் இன்னொரு டம்ளர் பிடிக்க, அதற்கு அவள் இன்னும் கொஞ்சம் குறைக்க. ஒரே வீட்டுக்குள் இரண்டு கிறுக்குகள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

"எங்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

வடிவு முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் தாரது வேண்டாம்னு நேர சொல்ல மனசில்லாமத்தான் இப்பிடிக் குடிச்சுக் கெடுக்கியளோன்னு நெனச்சேன். கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டீயன்னா? அதுக்குப் பொறவு நான் என்ன செய்ய?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் இதை வைத்துக்கொண்டுதான் என் காலை நீவியிருக்கிறாள், ஆட்டோவில் முந்தானையைப் பிடித்திருக்கிறாள்.

"இல்லட்டி. தாகம். வெறும் தாகம்தான். ஒன்ன அறுப்பாவளேன்னு பயமா இருக்கு, அது நெசம். ஆனா அதுக்காகக் குடிக்கல. எனக்கு ஒங்கூட இருக்கணும்."

இந்த வயதில் இப்படியெல்லாம் பேச வேண்டியிருக்கிறது. வடிவு சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. அழுதால் எடை குறையும் என்றேன். போங்க என்றாள்.

மே 16, செவ்வாய்

எடை சரியாக இருந்தது. சிஸ்டர் நம்பாமல் இறக்கி மறுபடி ஏற்றினாள்.

எஸ்தர் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. "ஒரு ஐஸ் கட்டிய வாயில வச்சுக் கரைங்க, கொஞ்சத் தண்ணியில ரொம்ப நேரம் ஓடும். அதையும் கணக்குல சேத்துக்கிடுங்க" என்றார். பிறகு, "ஒரு மஞ்சள் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

மே 20, சனி

எடை சரி. களைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இது என்னோடுதான் இருக்கும் போலிருக்கிறது. மூன்று மாதம் என்பது நீளமாகத் தெரிகிறது.

மே 24, புதன்

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பெட்டியைத் தொடவே இல்லை. இன்று மத்தியானம் எடுத்தேன். குழாய்க்குப் போகாமல், சொம்பிலிருந்தே இரண்டு டம்ளரிலும் ஊற்றிக்கொண்டேன். என் பங்குத் தண்ணீர். படத்துக்குப் போனால் என் பங்கில்தான் குறையும். வடிவு பார்த்தாள், "குழாய்ல புடிச்சா என்ன, இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

"என்ன வரையப் போறீய?"

"ஒன்னத்தான். போயி ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டாந்து எனக்கு எதிர உக்காந்து குடி."

அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க பாக்க நான் எப்பிடிக் குடிக்க? ஒங்களுக்கு நாக்கு இழுக்கும்லா."

"இழுக்கட்டும். நீ குழாயடியில கைய ஏந்திக் குடிக்கது எனக்குத் தெரியும்ட்டி. எத்தன நாளைக்கு எனக்காகக் களவாண்டு குடிப்ப?"

ரொம்பத் தயங்கினாள். பிறகு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி. மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். ஒரு மடக்கு குடித்தாள். சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். என் வாய் காய்ந்துபோயிருந்தது. பிரஷை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் குடி. அவசரமில்ல" என்றேன்.

டம்ளர் மேல் வெளிச்சம் விழுந்த இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிட்டேன். முகத்துக்கு முதலில் வெளிர், காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, அப்புறம் நிழல். கழுவின பிரஷைச் சுத்தத் தண்ணீரில் தோய்த்து, இட்லித் தட்டுக் குழியில் மஞ்சளைக் கரைத்துச் சேலைக்கு வைத்தேன். முகம் வடிவு மாதிரி வரவில்லை. அவளுடைய அக்கா மாதிரி வந்திருக்கிறது. பார்த்துவிட்டு, மூக்கு இவ்வளவு பெரிசா என்று சண்டைக்கு வந்தாள்.

முடிந்த பிறகு இரண்டாவது டம்ளரில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது, மேலாக லேசாய்க் கலர் ஓடி. வடிவு இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள்.

நாளைக்குப் படத்தை டீச்சரிடம் காட்ட வேண்டும். சேலை மஞ்சள், இன்று மஞ்சளாகவே வந்திருக்கிறது.